காது குத்தாத பிள்ளை

1927 ஜனவரி 24, மோகோக்சுங்

முழங்கால் வலி. கச்சேரியில் இன்று ஒரு பன்றித் திருட்டு, ஓடிப்போன ஒரு மனைவி, மூன்று எல்லைத் தகராறு. மலையில் மனிதர்கள் குறைவு, எல்லைகள்தான் அதிகம்.

துரைக்கு எங்கள் மொழி வராது. அவர் மொழி எனக்கு அரைகுறை. நடுவில் நாங்கள் இருவரும் ஓர் உடைந்த அசாமியத்தில் நின்றுகொண்டு நியாயம் வழங்குகிறோம். அவர் கோபமாகச் சொன்னதை நான் சாந்தமாகச் சொல்கிறேன். ஊரார் ஏசியதை மரியாதையாக்கிக் கொடுக்கிறேன். இருபது வருஷமாக இதே வேலை. துபாஷி என்று ஒரு சிவப்புப் போர்வை கொடுத்தார்கள். அதைப் போர்த்திக்கொண்டு போனால் ஊருக்கு ஊர் எனக்கும் பன்றிக்கறி உண்டு, வசவும் உண்டு.

நாளை மறுநாள் கிழக்கே புறப்பட வேண்டும். மெலாங்யிமில் சுபோக் என்ற மலைச்சரிவு யாருக்கு என்ற தகராறு. என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பதால், 'உனக்குச் சந்தோஷம்தானே' என்றார் துரை. சந்தோஷம்தான். முழங்காலுக்குத்தான் இல்லை.

ஜனவரி 30, வழியில்

சுமை தூக்க ஆள் கிடைப்பதில்லை. எங்கள் வரிசை முகட்டில் தெரிந்ததும் ஊர் ஆண்கள் எல்லாரும் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். அகப்பட்டவர்கள் தலையில் துரையின் குளியல் தொட்டி. ஒருவன் என்னிடம், "இதுல என்ன மீன் வளர்ப்பாரா?" என்று கேட்டான். துரை என்ன என்று கேட்டார். தொட்டி நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 3, மெலாங்யிம்

சரிவைப் பார்த்தோம். சர்க்காரின் படத்தில் எல்லை ஆறுதான். ஆற்றுக்கு மேற்கே சர்க்கார், கிழக்கே யாரும் இல்லை — அதாவது யோங்பாங்காரர்கள், வரி கட்டாதவர்கள். சரி. ஆனால் இங்கே வரும்போது ஆறு இரண்டு கிளை. நடுவில் இந்தச் சரிவு. எந்தக் கிளை ஆறு, எந்தக் கிளை வெறும் ஓடை என்று படம் வரைந்தவர் சொல்லவில்லை. அவர் இந்தப் பக்கம் வந்திருந்தால்தானே.

மெலாங்யிம்காரர்கள் இதைச் சுபோக் என்கிறார்கள். யோங்பாங்காரர்கள் ஹாம்னா என்கிறார்கள். நல்ல மண், காட்டை எரித்து விதைத்தால் இரண்டு வருஷம் நெல் வரும். போன அறுவடையில் இங்கே மெலாங்யிம் ஆள் ஒருவன் தலையை வெட்டிக்கொண்டு போனார்கள். அடுத்து அவர்கள் பக்கம் ஒன்று. அதனால்தான் துரையும் இருபது சிப்பாய்களும்.

பகல் முழுக்க இரண்டு ஊரும் கத்தினார்கள். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உங்கள் ஆட்கள் இதை முன்பெல்லாம் எப்படித் தீர்ப்பார்கள் என்றார்.

சத்தியம், என்றேன். நானேதான் சொன்னேன்.

பிப்ரவரி 4

இன்று மாலை பிறை தெரிந்ததும் சத்தியம் நடந்தது. சத்தியம் செய்தவர் என் சம்பந்தி சாகோலெம்பா, தன் வம்சக் கிளை முழுவதற்கும். சரிவின் மண்ணை வாயில் போட்டுக்கொண்டு புலிப்பல்லைக் கடித்தார். 'மண் எங்களுது. பொய்யின்னா புலி எங்களைத் திங்கட்டும்.' வயதானவர். பல்லைக் கடிக்கும்போது தாடை நடுங்கிற்று.

அடுத்த பிறை தெரியும்வரை அந்தக் கிளையில் ஒரு சாவு விழக்கூடாது. விழுந்தால் சத்தியம் பொய், சரிவு யோங்பாங்குக்கு. விழாவிட்டால் மெலாங்யிமுக்கு. அதுவரை கிளையில் யாரும் ஊர் வாசலைத் தாண்டக்கூடாது. செத்தவரை ஒளித்துப் புதைத்துவிடாதபடி பார்க்க இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு சாட்சி. சர்க்கார் பக்கம் நான். யோங்பாங் பக்கம் ஹென்போங் என்று ஒருத்தன், என் வயதுதான் இருக்கும். மார்பெல்லாம் பச்சை குத்தியிருந்தது.

துரைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காகிதம் மிச்சம் என்றார். காவலுக்கு ஒரு ஹவில்தாரையும் சில சிப்பாய்களையும் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

என் மகள் லொங்ரிலா வந்து பார்த்தாள். வயிறு பெரிதாக இருக்கிறது. அதை நான் யோசிக்காமல் இல்லை. பிரசவம் அடுத்த பிறைக்கு அப்புறம்தான் என்று அவள் மாமியார் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் சத்தியத்தைச் சொன்னேன்.

பிப்ரவரி 10

இப்படி ஓர் ஊரை நான் பார்த்ததில்லை. சாகோலெம்பா கிளையில் யாரும் மரம் ஏறுவதில்லை, வேட்டைக்குப் போவதில்லை. கத்தியைக்கூட மெதுவாகப் பிடிக்கிறார்கள். இருமுகிற கிழவர்களை அடுப்போரம் உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டுகிறார்கள். காலமெல்லாம் திட்டு வாங்கிய கிழவி ஒருத்திக்கு இப்போது ராஜ உபசாரம். "மாசா மாசம் சத்தியம் பண்ணுங்கடா" என்கிறாளாம்.

ஹென்போங்கும் நானும் ஒரே வீட்டில். எங்கள் மொழியை அவன் கோணல்மாணலாகப் பேசுவான். என் போர்வையைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கு வருஷத்துக்கு எத்தனை தரம் குனியணும்?" என்றான். வரி கட்டுவது எதற்கு என்று கேட்டான். சர்க்கார் காப்பாற்றும் என்றேன். யாரிடமிருந்து? உங்களிடமிருந்துதான். அவன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, "அப்போ பாதி எங்களுக்குல்ல குடுக்கணும்?" என்றான்.

பிடித்திருக்கிறது அவனை. இருக்கக் கூடாது.

பிப்ரவரி 17

பிள்ளை முந்திக்கொண்டான். ஆண். என் உள்ளங்கை அகலம்தான் முதுகு.

பிப்ரவரி 18

கிளைப் பெரியவர்கள் சாகோலெம்பா வீட்டில் கூடினார்கள். என்னையும் அழைத்தார்கள், சாட்சியாக அல்ல, பெண் கொடுத்தவனாக.

பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. ஆறாம் நாள் காது குத்திப் பெயர் சொல்ல வேண்டும். காது குத்தினால்தான் பிள்ளை கிளைக்குச் சொந்தம். அதுவரை வெறும் விருந்தாளி. விருந்தாளி போனால் கிளையில் சாவு இல்லை. ஆகவே பிறை தெரிகிறவரை காது குத்த வேண்டாம், பெயரும் வேண்டாம்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அடுத்த வருஷச் சோறு அந்தச் சரிவில் இருக்கிறது. என் மருமகன் தாஜென் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தி என்னிடம், "நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா அவ கேப்பா" என்றார்.

எல்லாருக்கும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். துரைக்கும் நான், ஊருக்கும் நான், பெற்ற மகளுக்கும் நான்.

பிப்ரவரி 19

சொன்னேன். அவள் கேட்கவில்லை.

பிரசவ வீட்டுக்குள் வெளியூர் ஆண் நுழையக்கூடாது. பெண்ணின் அப்பன் மட்டும் போகலாம். அதனால் ஹென்போங் வாசலுக்கு வெளியே கட்டையில் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே தாழ்ந்த குரலில் பேசினேன்.

"பேரில்லாமச் செத்தா அடுப்புக்குக் கீழ குழி தோண்டிப் போட்டுருவாங்க. பன்றிக்குட்டி மாதிரி" என்றாள். "பேர் இருந்தா மேடை கட்டி உடம்பை அதுமேல வைப்பாங்க. போற வழி தெரியும் அவனுக்கு."

சாக மாட்டான், பிறை தெரிந்ததும் விருந்து வைத்துக் காது குத்தலாம் என்றேன்.

"சாக மாட்டான்னா இப்பவே குத்தலாமே."

கச்சேரியில் இப்படி யாராவது கேட்டால் துரை 'அடுத்த வழக்கு' என்பார்.

பிப்ரவரி 22

ஆறாம் நாள். யாரும் வரவில்லை. அடுப்பில்கூட ஒன்றும் விசேஷமாக வைக்கவில்லை. தாஜென் காலையிலேயே விறகு வெட்டப் போய்விட்டான் — வாசல் தாண்டக்கூடாது, ஊருக்குள் எங்கே விறகு?

பிப்ரவரி 23

அவளே குத்தியிருக்கிறாள். மூங்கில் முள்ளால். இரண்டு காதிலும் பருத்தி நூல். துணியை விலக்கிக் காட்டினாள். பெயரும் சொன்னாள்: அலெம்பா. அந்தக் கிளைக்கு மட்டும் சொந்தமான பெயர், வேறு கிளையில் வைத்தால் அபராதம். தாஜெனின் செத்துப்போன அண்ணன் பெயர்.

பார்த்துவிட்டு வெளியே வந்தேன். ஹென்போங் வெற்றிலை நீட்டினான். பிள்ளை எப்படி என்றான். இருக்கிறான் என்றேன்.

பிப்ரவரி 26

பால் குடிப்பதில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். வாசல் தாண்டினால் சத்தியம் முறியும் என்றார்கள். காது குத்தாத விருந்தாளிக்கு ஏது தடை என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சரி, பிள்ளை போகலாம், தாய் போகக்கூடாது என்றார்கள். பால் கொடுக்காமல் இரண்டு நாள் வழி எப்படிப் போகும்? ஹவில்தாரிடம் கெஞ்சி ஒரு சிப்பாயை மருந்துக்கு அனுப்பினேன். ஹவில்தார் ஜஸ்பீர், கூர்க்கா. நல்ல மனிதன். இது டியூட்டியில் வராது என்றான்; ஆனாலும் அனுப்பினான்.

பிப்ரவரி 28

சிப்பாய் இன்னும் வரவில்லை. பிள்ளையின் நெற்றி கொதிக்கிறது. அவள் தூங்குவதே இல்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது, எல்லார் மேலும், அந்தச் சின்ன உயிர் மேலும்கூட. இன்னும் ஐந்தாறு நாள் தாக்குப்பிடிக்க மாட்டாயா நீ?

மார்ச் 1

மத்தியானம் போய்விட்டான்.

சம்பந்தி வீட்டார் அழவில்லை. அழுதால் சாவு. அடுப்புக் கல்லை நகர்த்தி, தோண்டி, சுற்றிய துணியோடு வைத்து, கல்லைத் திரும்ப வைத்து, அதன்மேலேயே சாயங்காலம் சோறு பொங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று காட்ட வேண்டும் அல்லவா. எனக்கும் தட்டில் போட்டார்கள்.

தின்றேன். ஐயோ, தின்னேனே.

மார்ச் 2

சிப்பாய் மருந்தோடு வந்தான்.

ஹென்போங்குக்குத் தெரிந்துவிட்டது. நேற்று முழுக்கக் கட்டையில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா. காலையில் தீ மூட்டிக்கொண்டே கேட்டான். கேலியில்லாமல் அவன் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

"பிள்ளை போயிருச்சு, இல்ல?"

ஆமாம் என்றேன்.

"காது குத்தினதா?"

நான் யோசித்தேன் என்று எழுதினால் பொய். யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சரிவு போகும், சம்பந்தி பொய்ச் சத்தியக்காரன் ஆவார், என் மகளை அந்த ஊரில் ஒரு நாய்கூட மதிக்காது — இதெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது அலுப்பு ஒன்றுதான். எது சீக்கிரம் முடியுமோ அது வாயில் வந்தது.

"குத்தலை."

"நீ உள்ள போய்ப் பார்த்தவன். சொல்லிட்ட. போதும்" என்றான். பிறகு, சின்னப் பிள்ளைகள் போவது எந்த ஊரிலும் ஒன்றுதான் என்று என்னவோ சொன்னான். எனக்குக் காதில் சரியாக ஏறவில்லை.

மார்ச் 5

மாலையில் பிறை. துரை வந்திருந்தார். இரண்டு ஊரும் ஓடைக்கரையில். கிளையில் சாவு உண்டா என்று துரை கேட்டார். நான் அதை எங்கள் மொழியில் கேட்டேன். சாகோலெம்பா இல்லை என்றார். ஹென்போங், துபாஷி பார்த்தார், அவர் சொன்னால் சரி என்றான். துரை என்னைப் பார்த்தார்.

இல்லை என்று சொன்னேன். இரண்டு மொழியிலும் சொன்னேன். இத்தனை வருஷம் மற்றவர்களின் பொய்யை மொழிபெயர்த்தவன், இன்று என்னுடையதை.

மெலாங்யிம்காரர்கள் ஆர்ப்பரித்தார்கள். யோங்பாங்காரர்கள் ஈட்டிகளை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். ஹென்போங் போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மார்ச் 6

லொங்ரிலா புருஷன் வீட்டிலிருந்து கூடையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். தாஜென் தடுக்கவில்லை. வழி முழுக்க எனக்குப் பின்னால் நடந்தாள். ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 2, மோகோக்சுங்

மேலிடத்திலிருந்து உத்தரவு. தலை விழுந்த இடம் என்பதால் சரிவு முழுவதையும் சர்க்கார் எடுத்துக்கொள்கிறது. அங்கே நிரந்தரக் காவல் சாவடி. இரு ஊராரும் எரிக்கவோ விதைக்கவோ கூடாது. துரையிடம் கேட்டேன், சத்தியம் என்ன ஆயிற்று என்று. அது நல்லபடியாக நடந்தது, அமைதி நிலவியது, மேலிடத்தில் பாராட்டினார்கள் என்றார். சாவடிக்கான படம் ஜனவரியிலேயே போய்விட்டதாம்.

அவர் மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார், மலேரியா. போர்வையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாய்வரை வந்தது. சாவடிக்குத் துபாஷியாக உன்னைத்தான் போடுகிறேன், உனக்கு அந்த இடம் பழக்கம் என்றார். சரி துரை என்றேன்.

ஏப்ரல் 3

வீட்டில் உத்தரவைச் சொன்னேன். லொங்ரிலா கீரையை நறுக்கிக்கொண்டே கேட்டாள். கேட்டாளா என்று தெரியவில்லை. கத்தி நிற்கவில்லை.

மே 14, சாவடி

மழை. ஓலைக்கூரை ஒழுகுகிறது, அட்டை, கொசு. லொங்ரிலாவும் வந்திருக்கிறாள், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் சமைக்க. அவள் அம்மா இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. பேசுவது மட்டும் இல்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள்.

துரை பார்வையிட வந்தார். படத்தில் எழுதுவதற்குச் சாவடிக்குப் பெயர் வேண்டும். சுபோக் என்று எழுதினால் யோங்பாங்குக்குக் கோபம், ஹாம்னா என்றால் மெலாங்யிமுக்கு. இரண்டிலும் சேராத பெயராகச் சொல் என்றார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"அலெம்பா" என்றேன்.

என்ன அர்த்தம் என்றார். அர்த்தம் ஒன்றும் இல்லை, சொல்வதற்குச் சுலபம் என்றேன். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

அடுப்பு ஊதுகிற சத்தம் உள்ளே நின்றுபோயிற்று. கேட்டிருக்கிறாள்.

ஜூன் 20

வாசலில் பலகை அடித்துவிட்டார்கள். சிப்பாய்கள் காலையில் வரிசையில் நின்று அலெம்பா, அலெம்பா என்று அறிக்கை சொல்கிறார்கள். அவள் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவ வெளியே வருகிறாள். மழையானாலும் வருகிறாள்.

சம்பந்தி ஒரு நாள் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பலகையில் இருந்ததை அவருக்குப் படிக்கத் தெரியாது, ஒரு சிப்பாய் வாசித்துக் காட்டினான். முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

நவம்பர் 12, அலெம்பா

சாவடியில் இப்போது உப்புச் சந்தை கூடுகிறது. சிப்பாய்கள் சரிவில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள், நன்றாக வந்திருக்கிறது. இரண்டு ஊராரும் மிளகாயைக் கொண்டுவந்து அதற்கு மாற்றிக்கொண்டு போகிறார்கள்.

இன்று ஹென்போங் வந்தான். ஆற்றைக் கடந்து வருகிறவர்கள் ஈட்டியை வாசலில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். வைத்துவிட்டு, கைகளை உதறிக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான். நரை கூடியிருக்கிறது. என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "உன் துரை நல்லா விவசாயம் பண்றார்" என்றான். சிரித்தேன். பழைய பேச்சே வரும் என்று நினைத்தேன்.

"இந்தப் பேர் யார் வச்சது?"

நான்தான் என்றேன்.

"அலெம்பா அந்தக் கிளைப் பேராச்சே. அவங்கள்ல இப்போ யாருக்கும் இந்தப் பேர் இல்லையே. யாரு?"

"என் பேரன்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். காது குத்தவில்லை என்று சொன்னாயே என்று மெதுவாகக் கேட்டான். நான் வாயைத் திறந்தேன்.

லொங்ரிலா அகப்பையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"குத்தினேன். நான்தான் குத்தினேன், ரெண்டு காதும். நூல் போட்டேன். இவர் பார்த்தார்."

எட்டு மாசத்துக்கு அப்புறம் அவள் குரலைக் கேட்டேன். கொஞ்சம் கரகரத்திருக்கிறது.

ஹென்போங் கிழங்குப் பாத்திகளைப் பார்த்தான். சிப்பாய் ஒருவன் களை பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"அப்போ சரிவு எங்களுது" என்றான்.

"ஆமா" என்றேன்.

"இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், மார்ச்சிலிருந்து. அவன் எழுந்து போய்விடுவான், வாசலில் ஈட்டியை எடுப்பான், அதற்கப்புறம் எது நடந்தாலும் நியாயம் என்று உட்கார்ந்திருந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்த்து, பிள்ளை யார் சாயல் என்று கேட்டான்.

அவள் படியில் உட்கார்ந்தாள். மூக்கு அவன் அப்பா மாதிரி என்றாள். விரல் நீளம் என்றாள். காது குத்தும்போது அழவே இல்லை, கண்ணை மட்டும் திறந்து பார்த்தான் என்றாள். ஹென்போங் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என்னை அவர்கள் கூப்பிடவில்லை. உள்ளே போய் உலையைப் பார்த்துக்கொண்டேன்.